சொன்ன பதிலைத் திரும்ப வாங்க முடியாது

ஐப்பசி அடைமழை. காலை எட்டு மணிக்குப் போன கரண்ட் ஒன்பதே முக்காலுக்குத் திரும்பியது. தஞ்சாவூரில் எங்கள் அலுவலகத்தில் சர்வர் அறைக்கு மட்டும்தான் ஜெனரேட்டர் உண்டு. ஸ்கேனிங் கூடத்தில் இருக்கும் 61 கணினிகளும் கரண்ட் போனால் அணைந்துவிடும், வந்தால் தானாக எழுந்துகொள்ளும். அன்றைக்கும் அத்தனையும் ஒரே நேரத்தில் எழுந்தன. பத்து நிமிடம் ஆகியிருக்காது, கூடத்தின் மேற்பார்வையாளரிடமிருந்து போன்.

“சார், ஒரு பக்கம் சேவ் ஆகறதுக்கு எப்பவும் ரெண்டு செகண்ட்தான். இன்னைக்குப் பத்து, பன்னெண்டுன்னு ஆகுது. எல்லா டேபிள்லயும் இப்படித்தான் இருக்கு.”

பல சர்வர்கள் சேர்ந்து ஒரே கோப்புக் கிடங்காக இயங்கும் ஸ்டோரேஜ் கிளஸ்டரின் திரையைத் திறந்தேன். நான்கு நோடுகள், அதாவது அதில் சேர்ந்திருக்கும் சர்வர்கள். மூன்றாவது நோடின் நெட்வொர்க் கோடு மேல் விளிம்பைத் தொட்டு நேராக ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மூன்றும் தரையோடு தரையாகக் கிடந்தன. எத்தனை இணைப்புகள் என்று பார்த்தால் 1, 1, 61, 1. அந்த ஒற்றை மூன்றும் சர்வர் அறையிலேயே இருப்பவை, ஜெனரேட்டரில் ஓடியவை. கூடத்துக் கணினிகளோ ஒன்றுகூடத் தப்பாமல் மூன்றாவது நோடில் போய் உட்கார்ந்திருந்தன.

எங்கள் வேலை பழைய காகிதக் கட்டுகளையும் ஓலைச்சுவடிகளையும் ஸ்கேன் செய்து பாதுகாப்பது. ஏ3 தாள் ஒன்றை 600 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்தால், சுருக்காத டிஃப் கோப்பு 200 எம்பியைத் தாண்டும். ஒவ்வொரு கணினிக்கும் 1 கிகாபிட் இணைப்பு இருப்பதால் நொடிக்குச் சுமார் 110 எம்பி போகும், இரண்டு நொடியில் பக்கம் பத்திரமாகிவிடும். நோடுக்குத் தலா 10 கிகாபிட். அந்த ஒரு 10 கிகாபிட்டை 61 பேர் பங்கு போட்டால் ஆளுக்கு நொடிக்கு 20 எம்பிகூடத் தேறாது. மேற்பார்வையாளர் சொன்ன பத்து, பன்னிரண்டு நொடி கணக்குக்குச் சரியாக வந்தது.

சரி, ஏன் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போனார்கள்? இரண்டு மணி நேரம் நான் ஸ்டோரேஜுக்குள்ளேயே தேடினேன். மற்ற மூன்று நோடுகள் இணைப்புகளை மறுக்கின்றனவா, சுவிட்சில் போர்ட் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பதிவுகளைப் புரட்டினேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. அப்புறம்தான் அந்த எண்ணையே யோசித்தேன். 61 கணினிகளை நான்கு நோடுகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் பிரித்திருந்தால்கூட ஒவ்வொன்றுக்கும் 15, அதற்கு முன்னே பின்னே மூன்று நான்கு என்றுதான் விழுந்திருக்கும். 61க்கு 61 தற்செயலாக வராது. யாரோ ஒருவர், கேட்ட எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறார். பதில் சொல்பவர் என்றால் அது டிஎன்எஸ்தான், பெயரைச் சொன்னால் முகவரியைச் சொல்லும் சேவை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கிளஸ்டர் ஸ்டோரேஜின் அழகே, எந்த நோடின் வாசல் வழியாக நுழைந்தாலும் அதே கோப்புகள் கிடைக்கும் என்பதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பிரிவுக்கு ஒரு ஃபைல் சர்வர் இருக்கும். ஒன்று நிரம்பி வழியும், பக்கத்தில் இருப்பது காலியாகக் கிடக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளைச் சுமந்தே ஞாயிற்றுக்கிழமைகள் போகும். கிளஸ்டரில் அந்தத் தொல்லை கிடையாது. கோப்பு எந்த நோடின் வட்டில் இருக்கிறது என்பது பயனருக்குத் தெரியவே வேண்டாம். ஆனால் அவர் எந்த வாசலில் நுழைகிறாரோ அந்த வாசல் வழியாகத்தான் அவருடைய எல்லாக் கோப்புகளும் போய்வரும். ஆகவே வாசலில் ஆட்களைப் பிரித்து அனுப்ப ஓர் ஏற்பாடு வேண்டும்.

வலைத்தளங்களுக்கு இதை லோடு பேலன்சர் என்ற பெட்டி செய்கிறது. ஸ்டோரேஜுக்கு முன்னால் அப்படி ஒரு பெட்டியை வைத்தால் நான்கு நோடுகளின் 40 கிகாபிட்டும் அதன் வழியாகப் போய்வர வேண்டியிருக்கும். அவ்வளவையும் தாங்குகிற பெட்டிக்குக் கொடுக்கிற காசில் இன்னொரு நோடே வாங்கலாம். டிஎன்எஸ் அப்படி நடுவில் நிற்பதில்லை. கணினி பெயரைச் சொல்லி முகவரி கேட்கிறது, டிஎன்எஸ் ஒரு முகவரியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. அதற்கப்புறம் போகும் ஒரு பைட்டைக்கூட அது தொடுவதில்லை. ஸ்டோரேஜ் செய்பவர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான், நான் பட்ட சிரமத்துக்குக் காரணமும் இதேதான்.

டிஎன்எஸ் பிறந்தபோது இந்த வேலைக்காகப் பிறக்கவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் அதை வடிவமைத்தது, ஒரே கோப்பில் எல்லாக் கணினிகளின் பெயர்களையும் எழுதி ஊர் ஊராக நகலெடுத்துக்கொண்டிருந்த முறையை மாற்றத்தான். இன்றும் நாம் பின்பற்றும் வடிவம் 1987இல் ஆர்எஃப்சி 1034, 1035 என்ற இணைய நெறிமுறை ஆவணங்களாக வந்தது. ஒரு பெயருக்குப் பல முகவரிகள் எழுதி, ஒவ்வொரு முறையும் வரிசையைச் சுழற்றிச் சொல்லிச் சுமையைப் பிரிக்கலாம் என்ற யோசனை அதற்குப் பின் வந்தது. 1995இல் வந்த ஆர்எஃப்சி 1794 டிஎன்எஸ் மூலம் சுமை பிரிப்பதைப் பற்றியே பேசுகிறது. ரவுண்ட் ராபின் என்று நாம் சொல்வது இந்தச் சுழற்சியைத்தான். டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை, முறை வைத்துத் தண்ணீர் விடுவதுதான்.

முறை வைத்து மட்டும் விட்டால் போதுமா? ஒரு பெயருக்கு நான்கு முகவரிகளை எழுதிச் சுழற்றிவிட்டால், முதல் சிக்கல் செத்த நோடு. டிஎன்எஸ் சர்வருக்கு நோடு உயிரோடு இருக்கிறதா என்று தெரியாது. மூன்றாவது நோடு படுத்துவிட்டாலும் நாலில் ஒருவருக்கு அதன் முகவரி முதலில் போய்க்கொண்டுதான் இருக்கும். இரண்டாவது சிக்கல் இன்னும் நுணுக்கமானது. சுழற்றிக் கொடுத்த வரிசையைக் கேட்டவர் அப்படியே வைத்துக்கொள்வார் என்று நிச்சயமில்லை. 2003இல் வந்த ஆர்எஃப்சி 3484, பல முகவரிகள் கிடைத்தால் எதை முதலில் முயல வேண்டும் என்று விதிகள் வகுத்தது. அதில் ஒன்பதாவது விதி, தன் முகவரியோடு முன்பகுதி அதிகம் ஒத்துப்போகும் முகவரியை முதலில் எடு என்கிறது. அதை ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகளுக்கும் கடைப்பிடித்த கணினிகளில் சுழற்சிக்கு அர்த்தமே இல்லாமல் போனது. நீங்கள் எப்படிச் சுழற்றிக் கொடுத்தாலும் அது தனக்குப் பிடித்த அதே முகவரியை மேலே இழுத்துவைத்துக்கொள்ளும். விண்டோஸ் டிஎன்எஸ் சர்வரிலும் கேட்பவரின் சப்நெட்டில், அதாவது அவர் இருக்கும் நெட்வொர்க் பகுதியில், உள்ள முகவரியை முன்னால் வைக்கும் பழக்கம் இயல்பாகவே இயங்கும்.

இந்த இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: பதில் சொல்லும் பொறுப்பைக் கிளஸ்டரிடமே கொடுத்துவிடுவது. அலுவலகத்தின் டிஎன்எஸ்ஸில் ஸ்டோரேஜின் பெயருக்கு முகவரி எழுதுவதில்லை. “இந்தப் பெயரைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் இவரிடம் போய்க் கேள்” என்று ஒரு என்எஸ் பதிவு மட்டும் எழுதுகிறோம். அந்த ‘இவர்’ கிளஸ்டருக்குள்ளேயே இருக்கும் ஒரு சிறிய டிஎன்எஸ் சேவை. எந்த நோடு உயிரோடு இருக்கிறது, எதில் எத்தனை பேர், எதன் சிபியு சூடாக இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒரு முகவரியைச் சொல்லும், ஆகவே வரிசையைக் கலைக்க வழியில்லை. ஐசிலான் என்ற கிளஸ்டர் ஸ்டோரேஜில் இதன் பெயர் ஸ்மார்ட்கனெக்ட். ஐசிலான் 2001இல் தொடங்கிய நிறுவனம், 2010இல் இஎம்சி வாங்கியது, இப்போது டெல்லிடம் பவர்ஸ்கேல் என்ற பெயரில் இருக்கிறது. சுழற்சி, இணைப்பு எண்ணிக்கை, நெட்வொர்க் அளவு, சிபியு என்று நான்கு வழிகளில் எதை வேண்டுமானாலும் அதில் தேர்ந்தெடுக்கலாம். நெட்ஆப் நிறுவனத்தின் ஸ்டோரேஜ் மென்பொருளான ஆன்டாப்பிலும் ஒவ்வொரு முகவரிக்கும் எடை வைத்துப் பதில் சொல்லும் டிஎன்எஸ் உள்ளேயே இருக்கிறது. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கோப்புகளைப் பகிரும் சாம்பாவோடு வரும் சிடிடிபி என்ற கிளஸ்டர் மென்பொருள் தனியாக டிஎன்எஸ் நடத்துவதில்லை. வெளியே சாதாரணச் சுழற்சியை வைத்துக்கொள்ளச் சொல்கிறது, நோடு படுத்தால் அதன் முகவரியை இன்னொரு நோடுக்கு மாற்றிக்கொடுக்கிறது.

என்எஸ் பதிவு எழுதும்போது ஒரு விஷயம். அது ஐபி முகவரியைக் காட்டக் கூடாது, ஒரு பெயரைக் காட்ட வேண்டும், அந்தப் பெயருக்குத் தனியே முகவரிப் பதிவு இருக்க வேண்டும். நடுவில் ஃபயர்வால் இருந்தால் டிஎன்எஸ் பயன்படுத்தும் 53ஆம் போர்ட், யுடிபி, டிசிபி என்ற இரண்டு தகவல் முறைகளிலும் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் தடவை அமைக்கும்போது நேரத்தைத் தின்பவை இந்த இரண்டும்தான்.

கிளஸ்டர் சொல்லும் பதிலோடு டிடிஎல் என்று ஓர் எண் வரும். இந்தப் பதிலை எத்தனை நொடி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். எங்கள் கிளஸ்டர் 0 என்று சொல்கிறது. நினைவில் வைத்துக்கொள்ளாதே, அடுத்தவர் கேட்டால் மறுபடி என்னிடம் வந்து கேள் என்று அர்த்தம்.

என் கணினியிலிருந்து கிளஸ்டரின் சேவை முகவரியையே நேராகக் கேட்டேன், டிஎன்எஸ்ஸை விசாரிக்கும் டிக் கட்டளையில். முதல் தடவை ஒன்றாம் நோடு, அடுத்தது இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி ஒன்று. ஒரு குறையும் இல்லை. பிறகு அதே பெயரை, கூடத்துக் கணினிகள் கேட்பதுபோல, அலுவலகத்தின் ரெசால்வரிடம், அதாவது எல்லோருக்காகவும் டிஎன்எஸ் விசாரித்துச் சொல்லும் சர்வரிடம், கேட்டேன். இரண்டாம் நோடு, டிடிஎல் 287. மறுபடி கேட்டேன். இரண்டாம் நோடு, 274. மறுபடியும் இரண்டாம் நோடு, 261. கிளஸ்டர் 0 என்று சொல்லி அனுப்பியது இங்கே வந்து சேரும்போது 300 ஆகி, ஒவ்வொரு நொடியாகக் குறைந்துகொண்டிருந்தது.

நெட்வொர்க் பார்க்கும் அண்ணன் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

“அண்ணே, நம்ம ரெசால்வர்ல டிடிஎல் ஏதாச்சும் மாத்தி வச்சிருக்கீங்களா?”

“ஆமா தம்பி, ரெண்டு வருசம் இருக்கும். அப்ப லைன் ரொம்ப மெதுவா இருந்துச்சுல்ல, எதுவா இருந்தாலும் குறைஞ்சது அஞ்சு நிமிசம் ஞாபகம் வச்சுக்கன்னு போட்டேன். ஏன், எதுவும் பிரச்சினையா?”

அவர் செய்தது அன்றைய நிலைமைக்குச் சரியான வேலை. அன்பவுண்ட் போன்ற ரெசால்வர்களில் குறைந்தபட்ச டிடிஎல் என்று அதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு, இயல்பில் அது 0. மெதுவான லைனில் ஐந்து நிமிடம் நினைவில் வைத்தால் எல்லோருக்கும் வலைத்தளங்கள் சட்டென்று திறக்கும். இரண்டு வருடமாக யாருக்கும் எதுவும் தெரியாமல் போனதற்கும் காரணம் இருந்தது. சாதாரண நாளில் ஆட்கள் எட்டே முக்காலிலிருந்து ஒன்பதரை வரை ஒவ்வொருவராக வந்து கணினியைத் திறப்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதில் மாறினாலும் அந்த முக்கால் மணி நேரத்தில் ஒன்பது பதில்கள் போய்விடும், சுமை ஓரளவு பிரிந்துவிடும். கரண்ட் வந்து எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்த அன்றுதான் 61 கணினிகளும் ஒரே ஐந்து நிமிடத்துக்குள் கேட்டன, ஒரே பதிலை வாங்கின.

அன்று நான் கற்றுக்கொண்டதை இப்படிச் சொல்வேன். கிளஸ்டரிடம் கேட்பது கணினி இல்லை, ரெசால்வர். ஊரில் உரம் வந்திருக்கிறதா என்று ஒருவர் டவுனுக்குப் போய் விசாரித்துவிட்டு வந்து தெருவுக்கே சொல்வதைப் போல. கிளஸ்டரின் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒருவர் மட்டும்தான். அவருக்குப் பின்னால் ஒருவர் நிற்கிறாரா 61 பேர் நிற்கிறார்களா என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. டிடிஎல் என்பதும் ஒரு வேண்டுகோள்தான், நடுவில் இருப்பவர் கேட்டால் உண்டு. கிளஸ்டரை எவ்வளவு நன்றாக அமைத்தாலும், நடுவில் யார் யார் நினைவு வைத்துக்கொள்கிறார்கள் என்று ஒவ்வொரு படியாகப் போய்ப் பார்க்காதவரை வேலை முடியவில்லை.

ஸ்டோரேஜின் பெயருக்கு மட்டும் எதையும் நினைவில் வைக்காதே என்று ரெசால்வரில் அமைத்தோம். மற்ற பெயர்களுக்கு அண்ணனின் ஐந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டோம். அமைத்து முடித்துத் திரையைப் பார்த்தால் 1, 1, 61, 1. எதுவும் மாறவில்லை.

மாறாது. நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம், கோரையாற்றின் கடைமடை. ஜூன் 12ஆம் தேதி மேட்டூர் திறந்தார்கள் என்று செய்தி வந்தாலும் எங்கள் வாய்க்காலில் தண்ணீரைப் பார்க்க நாளாகும். சின்ன வயதில் அப்பா என்னைக் கல்லணைக்குக் கூட்டிப்போனார். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதகுகள், வெள்ளம் வந்தால் வடிய கொள்ளிடம். நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் வெண்ணாற்றுத் தண்ணீர் மறுபடி கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. டிஎன்எஸ் சுமை பிரிப்பதை விளக்கும்போது நானே பல தடவை கல்லணையை உதாரணம் காட்டியிருக்கிறேன். இப்போது காட்டுவதில்லை. மதகு எப்போதும் கையில் இருக்கிறது. ராத்திரி மழை கொட்டி வெண்ணாறு கரையைத் தொடுகிறது என்றால் அந்த ராத்திரியே ஷட்டரை இறக்கிவிடலாம், ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீர் திரும்பிவிடும். டிஎன்எஸ்ஸிடம் ஷட்டர் இல்லை. அது வழி சொல்பவர் மட்டும். போனவர் போய்ச் சேர்ந்த பிறகு அவரைத் திருப்பிவிட முடியாது. சொன்ன பதிலைத் திரும்ப வாங்க முடியாது.

அதுவும் ஸ்டோரேஜில் ஒரு பதிலின் ஆயுள் மிக நீளம். உலாவியில் ஒரு பக்கத்தைப் பார்த்தால் சில நொடியில் தொடர்பு முடிந்துவிடும், அடுத்த பக்கத்துக்கு வேறு முகவரிக்குப் போகலாம். லினக்ஸ் கணினிகள் கோப்புகளை எடுக்கும் என்எஃப்எஸ் முறை, மவுண்ட் செய்யும்போது, அதாவது ஸ்டோரேஜை இணைத்துக்கொள்ளும்போது, பெயரை ஒரே ஒரு தடவைதான் கேட்கிறது. கிடைத்த முகவரியோடு அது மாதக்கணக்கில் இருக்கும், அன்மவுண்ட் செய்யும்வரை மறுபடி கேட்காது. லினக்ஸ் 5.3இலிருந்து என்கனெக்ட் என்ற வசதியால் ஒரே மவுண்டுக்கு 16 டிசிபி இணைப்புகள் வரை திறக்கலாம், ஆனால் வழக்கமாக எல்லாம் அதே முகவரிக்குத்தான் போகும். விண்டோஸிலும் ஒரே சர்வர் பெயரில் பத்துப் பகிர்வுக் கோப்புறைகளைத் திறந்தாலும், ஏற்கெனவே இருக்கும் இணைப்பையே பயன்படுத்திக்கொள்ளும். ஒருவர் ஒரு நோடு. காலையில் சொன்ன ஒரு பதில் மாலைவரை நீடிக்கிறது.

ஆகவே அன்று செய்ய முடிந்தது ஒன்றுதான். வரிசைக்குப் பத்துப் பேராகக் கணினியை அணைத்துப் போடச் சொன்னோம். பகல் ஒரு மணிக்குள் திரையில் 16, 17, 16, 15 என்று வந்தது. மேற்பார்வையாளர் ரெண்டு செகண்ட் ஆயிடுச்சு என்று போன் செய்தபோது எனக்கு இருந்த நிம்மதியை எழுதிக் காட்ட முடியாது. கூடத்தில் இருப்பவர்களுக்குப் பக்கக் கணக்கில்தான் சம்பளம். அந்தக் காலையில் அவர்கள் இழந்த ஒவ்வொரு பத்து நொடியும் எனக்கு உறுத்தியது.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. நான் இன்னும் சாமர்த்தியமாகச் செய்யலாம் என்று நினைத்து, சுழற்சியை விட்டுவிட்டு, இணைப்பு எண்ணிக்கை குறைவாக இருக்கும் நோடைச் சொல்லும்படி மாற்றினேன். காகிதத்தில் பார்த்தால் இதைவிட நியாயமான முறை இருக்க முடியாது. கார்த்திகையில் அடுத்த கரண்ட் வெட்டு வந்தது. எழுந்தபின் 27, 9, 8, 20. காரணம் எளிது: எண்ணிக்கையைக் கிளஸ்டர் சில நொடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கிறது. அந்த இடைவெளியில் கேட்டவர்கள் எல்லோருக்கும், குறைவாக இருந்த அதே நோடைச் சொல்கிறது. அடுத்த முறை எண்ணிப் பார்க்கும்போது அது நிரம்பி வழிகிறது, உடனே எல்லோரையும் வேறொன்றுக்குத் தள்ளுகிறது. ஒவ்வொருவராக வரும் இடத்தில் இந்த முறை நன்றாக வேலை செய்யும். கும்பலாக வரும் இடத்தில், எதையுமே பார்க்காமல் முறை வைத்து அனுப்புவதுதான் மேல். கூடத்துக்கு மறுபடி சுழற்சிக்கே திரும்பினேன், இன்றுவரை மாற்றவில்லை. கூடவே, கணினி எழுந்ததும் உடனே டிரைவை இணைக்காமல், 0 முதல் 90 நொடிக்குள் ஏதோ ஒரு நேரத்தில் இணைக்கும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டோம்.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்று. இணைப்புகள் சமமாக இருந்தால் சுமை சமம் என்று ஆகாது. பட்டியல் எழுதும் கணினி நாள் முழுக்கச் சில எம்பிதான் தொடும், ஸ்கேனர் அதைப் போல ஆயிரம் மடங்கு எழுதும். கணக்கில் இரண்டும் ஒன்று, ஒன்று. இதற்கு டிஎன்எஸ்ஸில் உள்ள நல்ல வழி, பெயரைப் பிரிப்பது. ஸ்கேனிங்குக்கு ஒரு பெயர், மற்றவர்களுக்கு ஒரு பெயர், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரித் தொகுப்பு, தனி முறை. ஒரே மாதிரி வேலை செய்பவர்களுக்குள் முறை வைத்தால்தான் முறை முறையாக இருக்கும். பெயரைக் கூட்டும்போது மறக்கக் கூடாத ஒன்று, விண்டோஸில் ஆளைச் சரிபார்க்கும் கெர்பராஸ் முறை. ஒவ்வொரு புதுப் பெயரையும் அதில் எஸ்பிஎன்னாக, அதாவது சேவையின் அடையாளப் பெயராக, பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் பழைய என்டிஎல்எம் முறைக்கு இறங்கிவிடும், அது தடுக்கப்பட்ட இடத்தில் கடவுச்சொல் கேட்டு நிற்கும். அவசரத்துக்குப் பெயரை விட்டுவிட்டு ஐபி எண்ணை நேராகப் போடுகிறவர்களுக்கும் இதே கதிதான். அதோடு அவர்கள் முறையிலிருந்தே வெளியேறிவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டு, எழுத்துகளை அடையாளம் காணும் ஓசிஆர் வேலைக்கு 24 லினக்ஸ் கணினிகள் வந்தன, எல்லாம் என்எஃப்எஸ் 3. இவை இரவும் பகலும் ஓடுபவை, அணைத்துப் போடச் சொல்ல முடியாது. சொன்ன பதிலைத் திரும்ப வாங்க முடியாது என்றேன் அல்லவா, இங்கே அதைச் சுற்றிப் போக ஒரு வழி இருக்கிறது. சொன்ன முகவரியை மாற்ற முடியாது. அந்த முகவரியில் யார் குடியிருக்கிறார்கள் என்பதை மாற்றலாம். மூன்றாம் நோடில் இருக்கும் ஐபியை எடுத்து நான்காம் நோடில் வைத்தால், அதைப் பிடித்துக்கொண்டிருந்த கணினிகள் ஒன்றும் அறியாமல் கூடவே வந்துவிடும். என்எஃப்எஸ் 3 சர்வரிடம் அதிக நினைவைச் சுமத்துவதில்லை என்பதால் இது சாத்தியம். நடுவில் சில நொடி தயங்கும், அப்புறம் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

இதற்கு முகவரிகள் எத்தனை வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நான்கு நோடுக்கு நான்கு முகவரி என்று வைத்தால், ஒரு நோடு படுக்கும்போது அதன் ஒற்றை முகவரி முழுசாக வேறொரு நோடின் தலையில் விழும், அது இரண்டு மடங்கு சுமக்கும். நோடுகளின் எண்ணிக்கையை அதற்கு ஒன்று குறைவான எண்ணால் பெருக்குங்கள்: 4 × 3 = 12. நோடுக்கு மூன்று முகவரி. ஒன்று படுத்தால் அதன் மூன்று முகவரிகளும் மிச்சமிருக்கும் மூன்று நோடுகளுக்கு ஆளுக்கு ஒன்றாகப் போகும். 24 கணினிகள் 12 முகவரிகளில், முகவரிக்கு இரண்டு. ஒரு நோடு போனால் மற்றவற்றுக்கு இரண்டே இரண்டு கணினிகள் கூடும். இந்தப் பெருக்கலை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

அந்த 24இலும் ஆட்டோஎஃப்எஸ்ஸும் போட்டோம். தேவைப்படும்போது மட்டும் மவுண்ட் செய்யும், சும்மா இருந்தால் தானே விட்டுவிடும். அடுத்த தடவை தொடும்போது பெயரை மறுபடி கேட்கும், அப்போதைய நிலைமைக்கு ஏற்ற புதுப் பதில் கிடைக்கும். ஒரு பதிலின் ஆயுளை நம் பக்கத்திலிருந்து குறைப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

கூடத்து விண்டோஸ் கணினிகள் கோப்புகளை எடுக்கும் எஸ்எம்பி முறைக்கு இந்த இடமாற்றம் ஒத்துவராது. எந்தக் கோப்பு யாரிடம் திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று நோடு நினைவில் வைத்திருப்பதால், முகவரியை நகர்த்தினால் எழுதிக்கொண்டிருந்தது அறுந்துவிடலாம். அதனால் கூடத்துக்கு நோடுக்கு ஒரு முகவரி, அது நகராது. நோடை வேலைக்காக நிறுத்த வேண்டுமானால் வடியவிட வேண்டும். இங்கே வடிகால் சரியில்லாவிட்டால் பயிர் நிலைக்காது என்று சொல்லி வளர்ந்தவன் நான், அந்தச் சொல் எனக்கு இயல்பாக வருகிறது. கிளஸ்டரில் அந்த நோடை நிறுத்திவை என்று குறித்துவிட்டால் புதிதாகக் கேட்பவர்களுக்கு அதன் முகவரியைச் சொல்லாது. ஏற்கெனவே இருப்பவர்களைத் தொடாது. அவர்கள் வேலை முடிந்து தாங்களாகக் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும்.

போன மாதம் நான்காவது நோடில் பவர் சப்ளை மாற்ற வேண்டியிருந்தது. திங்கட்கிழமை குறித்துவைத்தேன். ஓசிஆர் கணினிகளின் மூன்று முகவரிகளையும் அன்றைக்கே மற்ற நோடுகளுக்கு மாற்றியாயிற்று. கூடத்துக் கணினிகள் மாலையில் அணைந்தன, மறுநாள் காலையில் வேறு நோடுகளில் எழுந்தன. ஆனால் நான்காவது நோடுக்கு நேரே 1 என்பது மட்டும் செவ்வாய்க்கிழமையும் இருந்தது, புதன்கிழமையும் இருந்தது. தேடிப் பார்த்தால், சுவடி எடுக்கும் மேல்நிலைக் கேமராவை இயக்கும் கணினி. தனி யுபிஎஸ்ஸில் இருக்கிறது. அணைத்தால் விளக்கையும் நிறத்தையும் மறுபடி சரிபார்க்க அரை மணி நேரம் பிடிக்கும், அதுவும் முன்பிருந்த நிறம் அப்படியே வரும் என்று சொல்ல முடியாது என்பதால், ஒரு கட்டு முடியும்வரை அவர்கள் அதை அணைப்பதே இல்லை. அங்கே வேலை செய்யும் அக்காவைக் கூப்பிட்டேன்.

“அக்கா, உங்க சிஸ்டத்தை ஒரே ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ண முடியுமா?”

“இந்தக் கட்டு முடிய இன்னும் ரெண்டு நாள் ஆகும் தம்பி. பாதியில நிறுத்துனா ஏடு ஒரு நிறம், அடுத்த ஏடு ஒரு நிறமாப் போயிரும். காத்திருக்கலாமா?”

காத்திருக்கலாம் என்றேன். இன்னொரு பவர் சப்ளை ஓடிக்கொண்டுதான் இருந்தது, அவசரம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஐந்தரைக்கு அவரே போன் செய்து, முடிந்தது, அணைத்துவிட்டேன் என்றார். திரையில் நான்காவது நோடுக்கு நேரே 0 என்று வந்தது. புதுப் பவர் சப்ளையை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு சர்வர் அறைக்குப் போனேன்.